ஜெர்மானிய மொழி கற்கப் புகுவார்க்கு

கற்பன பலவற்றுள்ளும் வேற்று மொழியொன்றைக் கற்றல்போல் மாணாக்கரது செருக்கை அடக்கவல்லது பிறிதொன்றில்லை. தாய்மொழியிற் பெருநூல்களை ஓதித் தெளிந்தவரும், வேற்று மொழியின் முதற்பாடத்தில் 'இஃது என் புத்தகம்' என்று சொல்லுதற்கு நாத் தடுமாறி நிற்பர். பகுதி விகுதி பிரித்துப் பொருள் காண வல்லார், 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதைப் பிழையறக் கூறமாட்டாது இளங்குழவியினும் தாழ்ந்தவராவர். ஜெர்மானிய மொழி கற்கப் புகுவார் இவ்வுண்மையை முதற் கிழமையிலேயே உணர்வர். அவர்க்கு நேரும் இடர்கள் யாவை, அவை எக்காரணத்தால் நேர்கின்றன, தமிழிலக்கணம் பயின்றோர் அவற்றை எவ்வாறு கடக்கலாகும் என்பவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பதனால் ஆகும் பயன்

திருவண்ணாமலை போன்றதொரு கோயில் நகரில் வாழ்வார்க்கு ஜெர்மானிய மொழியால் ஆவதென்னை என வினவுவாரும் உளர். அன்னார், செங்கம் சாலை வழியே மலைவலம் வருங்கால் சிறிது செவிகொடுத்துக் கேட்பாராக. இரமணாசிரமத்தை நாடி வரும் அயல்நாட்டாருள் ஜெர்மானியரும் உளர். ஹைன்ரிஹ் ட்ஸிம்மர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் இரமணரைப்பற்றி எழுதிய நூலொன்று, அவர் மறைந்ததன் பின், உளநூலறிஞராகிய யுங் என்பாரது முன்னுரையோடு 1944-ஆம் ஆண்டில் சூரிச் நகரில் வெளியாயிற்று. அந்நூலின் தலைப்பேட்டிலேயே 'திருவண்ணாமலை' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நம் ஊர்ப்பெயரைத் தன் முகத்தே தாங்கிய நூலொன்றை நாம் எடுத்துப் படிக்கமாட்டாதிருத்தல் இரங்கத்தக்கதன்றோ?

இனி, தமிழ்க் கிறிஸ்தவர்க்கு இம்மொழியோடுள்ள தொடர்பு இன்னும் பழமையுடையது. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் டேனிய அரசரால் அனுப்பப்பட்டவரேனும் பிறப்பால் ஜெர்மானியர். தமிழில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு சீகன்பால்கு ஐயரது உழைப்பால் விளைந்தது. பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுக்களை ஆலயங்களில் இன்றும் பாடுகின்றோம். அவற்றுட் பலவற்றின் மூலம் ஜெர்மானிய மொழியே. டேனிய மிஷனின் பெயர்தாங்கிய பள்ளியொன்று திருவண்ணாமலையில் இன்றும் விளங்குகின்றது. அம்மிஷனுக்குத் தென்னார்க்காட்டுப் பகுதியில் முதற்கண் வித்திட்ட ஓக்ஸ் ஐயரும் ஜெர்மானியரே. திருக்குறளைக் கிரவுல் ஐயர் ஜெர்மானியத்தில் மொழிபெயர்த்து 1856-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் நூல்களை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை அறிய விரும்பும் தமிழ் மாணாக்கர் அவர்தம் மொழியை அறியாது என் செய்வர்?

பிழைப்பு நோக்கிக் கற்பாரே இக்காலத்துப் பலர். ஜெர்மானிய நாட்டில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலனவற்றிற் போதனைக் கட்டணம் இல்லை. அந்நாட்டு மருத்துவமனைகளிற் செவிலியர்க்கு மிக்க தேவையுளது. ஐரோப்பிய மொழித்தேர்வு முறையில் ஏ-1 முதல் சி-2 ஈறாக ஆறு படிகள் உள. செவிலியராகப் பணியேற்க விழைவார்க்குப் பெரும்பாலும் நான்காம் படியாகிய பி-2 வேண்டப்படுகின்றது. சிற்றூரிற் பிறந்து, கடன்பட்டுச் செவிலியர் பயிற்சி முடித்த பெண்ணொருத்திக்கு இவ்விலக்கணம் ஏட்டுச்சுரைக்காயன்று. ஒரு குடும்பத்தின் கடன் தீர்வதும் தீராததும் அதனைப் பொறுத்ததாகும்.

இடர்க்குக் காரணம்

தமிழ் மாணாக்கர் ஜெர்மானியத்தை ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்கின்றனர். ஆங்கிலம் ஜெர்மானியத்தின் உடன்பிறந்த மொழியாதலின் சொற்களை நினைவிற்கொள்ள அது பெரிதும் உதவும். ஆயின் ஆங்கிலம் தன் பழைய வேற்றுமை விகுதிகளுட் பெரும்பாலனவற்றை இழந்துவிட்டது. சொற்கள் நிற்கும் முறையாலேயே பொருளை உணர்த்துகின்றது. ஜெர்மானியமோ அவ்விகுதிகளைப் பெரிதும் போற்றி வைத்துள்ளது. ஆதலின் ஆங்கிலக் கண்ணாடி வழியே நோக்குவார்க்கு விந்தையாகத் தோன்றும் பல, தமிழிலக்கணத்தின் வழியே நோக்கின் அறிமுகமானவையாகத் தோன்றும். சீகன்பால்கு ஐயர் 1716-ஆம் ஆண்டில் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில், இலத்தீன் இலக்கணத்தைத் தழுவியே எழுதினார். தாம் அறிந்ததைக்கொண்டு அறியாததை அளந்தார் அவர். நாம் அறிந்த அளவுகோல் தொல்காப்பியமும் நன்னூலும் ஆகும். அவற்றைக் கைவிட்டு அளக்கப் புகுவதனாலேயே இடர் இரட்டிக்கின்றது என்பது எம் கருத்து.

ஒலி

முதற்கண் செவிக்கும் நாவிற்கும் நேரும் இடரைக் கூறுவாம். தமிழில் 'பல்' என்பதன் பகரமும் 'கம்பு' என்பதன் பகரமும் வேறுவேறு ஒலித்தும் எழுத்து ஒன்றே. ஜெர்மானியத்தில் அவை இரண்டெழுத்துக்கள். ஒன்றற்கு ஒன்றை ஒலிப்பின் பொருள் மாறும். தமிழெழுத்தில் 'பைன்' என்றே எழுதத்தக்க சொற்கள் இரண்டு உள. குழைந்த பகரத்தோடு கூறின் கால் என்பது பொருள். வல்லோசையோடு கூறின் துன்பம் என்பது பொருள். மருத்துவமனையில் இவ்விரண்டும் ஒருங்கே செவிப்படக் கூடியனவாதலின் பயிற்சி இன்றியமையாதது.

குறில் நெடில் வேறுபாடோ நமக்குப் பிறப்புரிமை. 'பிட்டென்' என்பது வேண்டுதல். 'பீட்டென்' என்பது அளிக்க முன்வருதல். பிற நாட்டார் பலர் இடர்ப்படும் இவ்விடத்தில் தமிழர் எளிதிற் செல்வர். 'பாஹ்' என்னும் சொல்லின் இறுதியிலுள்ள உரசொலி, 'எஃகு' முதலியவற்றில் வரும் ஆய்தத்தோடு ஒருபுடை ஒத்தது. ஓகாரத்திற்கு இதழைக் குவித்துக்கொண்டு நாவினால் ஏகாரத்தை ஒலிக்க வருவதோர் உயிரும், ஊகாரத்திற்கு இதழைக் குவித்து ஈகாரத்தை ஒலிக்க வருவதோர் உயிரும் நம்மிடத்தில் இல்லை. 'ஷோன்' என்று ஓகாரமாகவே கூறின் 'ஏற்கெனவே' என்று பொருள். அதனையே முற்கூறிய கலப்புயிரால் ஒலிப்பின் 'அழகிய' என்று பொருள். கண்ணாடி முன் நின்று இதழை நோக்கிப் பயில்வதே இதற்கு வழி. நம் ழகரத்தின்முன் ஜெர்மானியர் படும் பாட்டை நினைப்பார்க்கு இத்துன்பம் பெரிதாகத் தோன்றாது.

பால் வகுப்பு

ஒலியினும் பெரிய மலைப்பு பால் வகுப்பாகும். தமிழில் உயர்திணை அஃறிணை என்னும் பகுப்பும், அவற்றின் உட்பிரிவாகிய பாலும் பெரும்பாலும் பொருள் நோக்கியன. ஜெர்மானியத்திலோ உயிரற்ற பொருளின் பெயரும் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்னும் மூன்றனுள் ஒன்றாக நிற்கும். ஆங்கிலத்தில் 'தி' என நிற்கும் சுட்டடை, ஆண்பாற் பெயர்முன் 'டேர்' எனவும், பெண்பாற் பெயர்முன் 'டீ' எனவும், ஒன்றன்பாற் பெயர்முன் 'டாஸ்' எனவும் வரும். மலை அவர்க்கு ஆண்பால். கார்த்திகைத் தீபத்தன்று அதன் உச்சியிற் காணும் சுடர் பெண்பால். அச்சுடர்க்கு முதலாகிய தீயோ ஒன்றன்பால். திங்கள் ஆண்பால், ஞாயிறு பெண்பால். உண்ணும் கலத்தருகே கிடக்கும் கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். இவற்றிற்கெல்லாம் மேலாக, சிறுமி என்னும் பொருளுடைய 'மேட்ஹென்' ஒன்றன்பால் எனக் கேட்டவுடன் மாணாக்கர் புத்தகத்தை மூடிவிடுதலும் உண்டு.

மூடுதற்குமுன் நம் மொழியைச் சிறிது நோக்குதல் நன்று. 'குழந்தை அழுதது' என்று நாம் நாடோறும் கூறுகின்றோம். மக்கட் குழவியை அஃறிணை முடிபு கொடுத்துக் கூறுதல் நமக்கு விந்தையாகத் தோன்றவில்லை. ஜெர்மானியத்திலும் குழந்தை ஒன்றன்பாலே. மேலும், 'ஞாயிறு எழுந்தது' என்கின்றோம். 'கதிரவன் எழுந்தான்' என்கின்றோம். பொருள் ஒன்றே; சொல்லின் வடிவு வேறாகவே முடிபும் வேறாயிற்று. சொல்லின் வடிவு பாலை உணர்த்தும் என்னும் இக்கருத்தைப் பற்றிக்கொண்டால் ஜெர்மானியத்திலும் ஒருவாறு வழி புலப்படும். 'ஹென்' என்பது சிறுமைப் பொருள் தரும் விகுதி. அவ்விகுதி பெற்ற பெயரெல்லாம் ஒன்றன்பால். சிறுமி ஒன்றன்பாலாயினமைக்குக் காரணம் விகுதியே, பெண்மையை இழித்ததன்று. 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்னும் விகுதிகளால் ஆகிய பெயர்கள் பெண்பால். கிழமை, திங்கள், பருவம் ஆகியவற்றின் பெயர்கள் ஆண்பால்.

விதியுள் அடங்காதனவும் மிகப் பல. அவற்றைச் சுட்டடையோடு சேர்த்து ஒரே சொல்லாக மனனம் செய்தலன்றி வேறு வழியில்லை. அடையை விடுத்துப் பெயரை மட்டும் பாடம் செய்வார் பின்னர் இருமுறை உழைக்க நேரும். அடை மாறின் பொருள் மாறுவதும் உண்டு. 'டாஸ் டோர்' என்பது பெருவாயில். 'டேர் டோர்' என்பது மூடன். அண்ணாமலையார் கோயிலின் பதினொரு நிலை இராசகோபுரத்தின்கீழ் நின்று, அவ்வாயிலைக் காட்டி அயல்நாட்டார்க்கு விளக்கப் புகும் இளைஞர், அடையைச் சற்றே மாற்றிக் கூறுவாராயின் கேட்போர் சுற்றுமுற்றும் பார்த்து நகைப்பர்.

வேற்றுமை

ஜெர்மானியத்தில் வேற்றுமை நான்கு. அவை நம் முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளை ஒருவாறு ஒப்பன. எட்டைக் கற்றவர்க்கு நான்கு எம்மாத்திரம் எனலாம். இடர் எண்ணிக்கையில் இல்லை. உருபு நிற்கும் இடத்தில் உளது. தமிழில் உருபு பெயரின் இறுதியில் நிற்கும். 'ஐ' என்றால் எப்பெயர்க்கும் 'ஐ' தான். ஜெர்மானியத்திலோ வேற்றுமையைப் பெரும்பாலும் முன்னின்ற சுட்டடையே உணர்த்தும். மூன்று பாலும் பன்மையும் ஆகிய நான்கினோடு நான்கு வேற்றுமையைப் பெருக்கப் பதினாறு இடங்கள் ஆகின்றன. அப்பதினாறிடத்தும் நிற்பவை டேர், டீ, டாஸ், டேன், டேம், டெஸ் என்னும் ஆறு வடிவங்களே. 'டேர்' என்பது ஆண்பாலின் முதல் வேற்றுமை. அதுவே பெண்பாலின் நான்காவதும் ஆறாவதும். பன்மையின் ஆறாவதும் அதுவே. ஆறு சட்டைகளைப் பதினாறு பேர் மாறி மாறி அணிந்தாற்போல இவை கற்பாரை மயக்கும்.

எனினும் இவ்வுருபுகளால் விளையும் நன்மையைத் தமிழர் எளிதில் உணர்வர். 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் நமக்குக் கடித்தது நாயே. ஜெர்மானியத்திலும், 'டேர்' பெற்ற நாய் எங்கு நிற்பினும் கடிப்பதே. 'டேன்' பெற்ற மனிதன் எங்கு நிற்பினும் கடிபடுபவனே. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றின் மனிதனே நாயைக் கடித்தவனாவான்.

இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொற்கள் ஒன்பது, இயக்கம் உள்வழி இரண்டாம் வேற்றுமையையும், நிலைபேறு உள்வழி நான்காம் வேற்றுமையையும் ஏற்கும். கோயிலினுட் செல்லுதலைக் கூறுங்கால் 'இன் டேன் டெம்பெல்' எனவும், கோயிலினுள் இருத்தலைக் கூறுங்கால் 'இன் டேம் டெம்பெல்' எனவும் வரும். செல்லுதற்கு இரண்டாம் வேற்றுமை ஏன் என ஆங்கிலம் மட்டும் அறிந்தார் மயங்குவர். 'கோயிலை அடைந்தான்' என்னும் தமிழ்த்தொடரை நினைப்பார்க்கு மயக்கமில்லை. நன்னூலார் இரண்டாம் வேற்றுமைக்குக் கூறிய பொருள்களுள் அடைதலும் ஒன்றன்றோ?

மேற்கூறிய ட்ஸிம்மரது நூற்பெயரே நல்லதோர் பாடமாகும். 'டேர் வேக் ட்ஸும் ஸெல்ப்ஸ்ட்' என்பது அதன் பெயர். தன்னை அடையும் வழி என்பது பொருள். 'டேர் வேக்' என்புழி வழி என்னும் ஆண்பாற் பெயர் முதல் வேற்றுமை. 'ட்ஸும்' என்பது 'ட்ஸூ' என்னும் இடைச்சொல்லும் 'டேம்' என்னும் அடையும் புணர்ந்தது. இது நான்காம் வேற்றுமை. அடுத்துள்ள சிறுபெயரில் 'டெஸ் இண்டிஷென் ஹைலிகென்' எனவரும் பகுதி 'இந்தியத் தூயவரது' என்று பொருள்படும் ஆறாம் வேற்றுமை. இறுதியில் நிற்கும் 'அவுஸ் திருவண்ணாமலை' என்பது 'திருவண்ணாமலையினின்றும்' என நம் ஐந்தாம் வேற்றுமையின் நீக்கப்பொருளைத் தருவது. ஒரு தலைப்பேட்டைப் பிரித்துப் பார்த்தவர்க்கு இலக்கணப் பட்டியலிற் பாதி விளங்கிவிடும்.

இவ்விடத்திற் கூறாது விடலாகாத இடர் ஒன்றுளது. தமிழில் 'நல்ல' என்னும் பெயரெச்சக் குறிப்பு எங்கும் மாறாது. ஜெர்மானியத்தில் அது பாலும் எண்ணும் வேற்றுமையும் நோக்கியும், முன் நிற்கும் அடையை நோக்கியும் 'கூடெ', 'கூடெர்', 'கூடென்' எனப் பலவாறு ஈறு திரியும். இதற்குத் தமிழில் ஒப்பில்லை. பேசிப் பேசியே இது நாவிற் படிதல் வேண்டும்.

சொற்றொடர்

'மாஹென்' என்பது செய்தல் என்னும் பொருளது. அதனோடு 'அவுஃப்' என்னும் முன்னொட்டுச் சேரின் திறத்தல். 'ட்ஸூ' சேரின் மூடுதல். தொடரில் அம்முன்னொட்டு வினையை விட்டுப் பிரிந்து இறுதிக்கு ஓடிவிடும். 'இஹ் மாஹெ' எனத் தொடங்கிக் கதவைச் சொல்லி, காலத்தைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, முடிவில் 'அவுஃப்' என்றாலன்றிக் கதவு திறந்ததோ மூடியதோ தெரியாது. இறுதிவரை பொறுத்துக் கேட்டல் பெருந்துன்பம் என ஆங்கிலேயர் அலுத்துக்கொள்வர். தமிழர்க்கோ இது வழக்கம். வினைமுற்று வருங்காறும் தொழில் நிகழ்ந்ததோ இல்லையோ என அறியாது காத்திருத்தல் நம் மொழியின் இயல்பு. வினைக்கும் அதன் உறுப்பிற்கும் இடையே வேறு சொற்கள் புகுந்து நிற்றலை நோக்குங்கால், நம் இலக்கணத்தில் இடைப்பிறவரல் எனப்படுவது நினைவிற்கு வரும்.

முதன்மைத் தொடரில் வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்கும். சார்ந்து நிற்கும் தொடரிலோ அது இறுதிக்குச் சென்றுவிடும். 'நான் நேற்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், ஆதலால்' என்னும் கருத்தை அவர் கூறுங்கால், காரணச் சொல்லை முதலில் வைத்து, அதன்பின் 'நான் நேற்று ஒரு கடிதம் எழுதி இருக்கிறேன்' எனச் சொல்லுக்குச் சொல் தமிழ் முறையிலேயே அடுக்குவர். இன்னும் வியப்பானது ஒன்று. 'நேற்று ஆசிரியரால் எழுதப்பட்ட கடிதம்' என்பதை 'டேர் கெஸ்டெர்ன் ஃபொன் டேம் லேரெர் கெஷ்ரீபெனெ ப்ரீஃப்' என்பர். சுட்டடை முன்நிற்க, அடுத்து நேற்று, ஆசிரியரால், எழுதப்பட்ட, கடிதம் என முறையே நிற்கின்றன. 'ஆல்' உருபு பின்னிற்றற்குப் பதிலாக 'ஃபொன்' என முன்னிற்பது ஒன்றே வேறுபாடு. பெயரெச்சத் தொடரைத் தாய்ப்பாலோடு பருகியவர் இதனை ஆங்கிலப்படுத்திப் பின்னர் விளங்கிக்கொள்ள முயல்வது வீட்டு வாயிலிருக்கச் சுவரேறிக் குதித்தலை ஒக்கும்.

முன்னிலை வழக்கிலும் ஒப்புமை உண்டு. நண்பரையும் குழந்தைகளையும் 'டூ' என்பர். அது நம் 'நீ'. பெரியோரையும் அறிமுகமில்லாதாரையும் 'ஸீ' என்பர். அது 'தாங்கள்' போலப் பன்மை வினை கொள்ளும். 'அவள்', 'அவர்கள்' என்பனவும் 'ஸீ' எனவே ஒலிக்கும். வினைவிகுதியை நோக்கி 'அவள்' என்பதைப் பிரித்தறியலாம். எஞ்சிய இரண்டையும் எழுத்தில் முதலெழுத்தின் வடிவும், பேச்சில் இடமும் காட்டும். யாரை எவ்வாறு விளித்தல் வேண்டும் என்பதில் ஆங்கிலேயர்க்கு வரும் ஐயம் தமிழர்க்கு வருதற்கில்லை.

சொல்லும் தொகையும்

ஜெர்மானியச் சொற்கள் சில ஒரு வரியளவு நீண்டு அச்சுறுத்தும். அவை தொகைச்சொற்களே, பிரித்தறிய வல்லார்க்கு அச்சமில்லை. 'ஹவுஸ்ட்யூர்ஷ்லுஸ்ஸெல்' என்பதைப் பிரிப்பின் வீடு, கதவு, திறவுகோல் என்றாகும். வீட்டுக் கதவுத் திறவுகோல் என நாம் அடுக்கும் முறையே அது. நோயாளர் வீடு மருத்துவமனை, கைச்செருப்பு கையுறை, சொற்களின் புத்தகம் அகராதி. இறுதிச் சொல்லே தலைமையுடையதாகிப் பாலையும் தரும். இரு சொற்களுக்கிடையே 'ஸ்', 'என்' முதலிய ஒலிகள் பொருளின்றி வந்து இணைக்கும். இவை யாவை எனப் பிற மாணாக்கர் திகைப்பர். 'மரத்துக்கிளை' என்பதில் 'அத்து' வந்து நின்றதை அறிந்த தமிழ் மாணாக்கர், 'இவை சாரியை' எனக் கூறி மேற்செல்வர்.

சொற்களை நினைவிற்கொள்ள ஆங்கிலம் உதவும் எனக் கூறினோம். அவ்வுதவி விதியோடு கூடியது. ஆங்கிலத்தில் டகரமாக நிற்பது ஜெர்மானியத்தில் பலவிடத்து ஸகரமாகவோ ட்ஸகரமாகவோ நிற்கும்: 'வாட்டர்' 'வாஸ்ஸெர்' ஆகும், 'டென்' 'ட்ஸேன்' ஆகும். பகரம் ஃபகரமாகவோ 'ப்ஃப்' எனவோ திரியும்: 'ஷிப்' 'ஷிஃப்' ஆகும், 'ஆப்பிள்' 'அப்ஃபெல்' ஆகும். நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதும், 'பத்து' 'ஹத்து' ஆனதும் இத்தகைய ஒழுங்கான திரிபே. கிரவுல் ஐயரது குறள் மொழிபெயர்ப்பு வெளியான அதே 1856-ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதனைப் பயின்றோர் இங்கும் அக்கண்கொண்டு நோக்குவாராக.

ஆனால் ஆங்கிலம் கைவிளக்காவதுபோல் சிற்சிலவிடத்துப் படுகுழியும் ஆகும். 'கிஃப்ட்' என்பது ஆங்கிலத்தில் நன்கொடை, ஜெர்மானியத்தில் நஞ்சு. 'வேர்' என ஒலிப்பது 'யார்' என்னும் வினா. 'வோ' என்பதே 'எங்கே' என்னும் வினா. இத்தகையவற்றைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளல் நலம்.

பன்மையும் மனனத்திற்குரியது. நமக்குக் 'கள்' ஒன்று பெரும்பான்மைக்கும் போதும். அவர்க்கோ சில சொற்கள் 'எ' பெறும். சில 'எர்' பெறும். சில 'என்' பெறும். சில 'ஸ்' பெறும். சில யாதும் பெறா. தந்தை, தாய் என்னும் சொற்களில் உள்ளிருக்கும் உயிர் மட்டும் திரியும். ஆகவே ஒவ்வொரு பெயரையும் அடையோடும் பன்மையோடும் சேர்த்தே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

எண்

எண்ணுப்பெயரிற் சிறியதோர் இடர் உளது. அதன் விளைவு சிறிதன்று. இருபது வரையிலும் தொல்லையில்லை. அதற்கு மேல், 45 என்பதை 'ஐந்தும் நாற்பதும்' என்றும், 54 என்பதை 'நான்கும் ஐம்பதும்' என்றும் அவர் கூறுவர். நாம் நாற்பத்தைந்து எனக் கேட்டுப் பழகியவராதலின், செவியில் முதலில் விழுந்த ஐந்தை முதலில் எழுதிவிடக் கை விரையும். கடையில் இப்பிழை நேரின் சில காசுகள் குறையும். நோயாளர்க்கு மருந்தளவு குறிக்கும் செவிலியர்க்கு நேரின் ஓர் உயிர்க்கே இடையூறு வரக்கூடும். எண்களைச் சொல்லக் கேட்டு, முழுவதும் கேட்டு முடிந்தபின் எழுதும் பழக்கத்தை நாடோறும் மேற்கொள்ளுதல் வேண்டும்.

பயிலும் நெறி

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? ஜெர்மானிய இலக்கணத்தில் தமிழர்க்கு நேரும் இடர்கள் இருவகைப்படும். வேற்றுமை, வினை நிற்கும் இடம், எச்சத்தொடர், தொகை, சாரியை முதலியன ஒருவகை. இவை தமிழிலக்கணத்தோடு ஒப்புநோக்கினால் தாமே தெளிவுறும். பால், பன்மை, அடைச்சொல்லின் ஈறு, புதிய உயிரொலி முதலியன மற்றொரு வகை, இவற்றிற்கு ஒப்புமை உதவாது, நாட்பழக்கமே உதவும். முதல்வகையில் மனனம் செய்து அல்லற்படுதலும், இரண்டாம் வகையிற் காரணம் தேடிக் காலம் கழித்தலும் ஆகிய இரண்டையும் நீக்குவார் விரைந்து முன்னேறுவர்.

நாளொன்றுக்குப் பத்துச் சொல் போதும். அவற்றை அடையோடும் பன்மையோடும் ஒரு தொடரில் வைத்து வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். எழுத்திற்கு அஞ்சுவாரினும் பேச்சிற்கு நாணுவாரே பலர். தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கும் உண்டு. நாணம் அவற்றுள் ஒன்றைக் கெடுத்துவிடும். சொல்வதைப் பிழையோடேனும் சொல்லித் திருத்திக்கொள்ளுதல் கற்பார் கடன்.

சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவர்க்குத் தமிழ் அகராதியும் இல்லை; வழிகாட்டும் இலக்கண நூலும் கையில் இல்லை. திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிக் கற்றார். இரண்டாண்டு கழிந்த 1708-ஆம் ஆண்டில், தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப்பற்றிக் குறிப்பெழுதும் நிலையை எய்தினார். 1714-ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பாவிற்குப் புறப்பட்டபோது உடன்சென்ற மலையப்பன் என்னும் தமிழிளைஞர், அந்நாட்டு மொழியொலிகளை நம்மவருள் முதன்முதற் கேட்டோருள் ஒருவராவர். அகராதியும் ஆசிரியரும் ஒலிப்பதிவும் வேண்டியவாறு கிடைக்கும் இக்காலத்தில், அவர்தம் உழைப்பிற் பத்தில் ஒரு பங்கேனும் நாம் செலவிட்டால் போதும். நம் மொழியை வருந்திக் கற்று அதன் நூல்களைத் தம் நாட்டார்க்கு அறிவித்த அப்பெரியார்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனும் அதுவே. தமிழிலக்கணத்தைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கருதாது, பிறமொழி வாயிலைத் திறக்கும் திறவுகோலாகவும் கொண்டு, மாணாக்கர் யாவரும் இம்முயற்சியிற் புகுவாராக.